பக்கத்துப் பட்டை

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் அண்ணி என்றே கூப்பிட்டார்கள். தலைவர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவருக்கும் அவள் அண்ணிதான். வாயு உருளைகளை இறக்க வரும் லாரி ஓட்டுநருக்கும் அண்ணிதான். அவள் கணவனின் தங்கை அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வராந்தாவின் ஒரு கோடியில் நின்றுகொண்டு மறுகோடிக்குக் கேட்கும்படி "அண்ணி, சாவி உங்ககிட்டயா இருக்கு?" என்று ஒரு சத்தம் போட்டாள். அன்றோடு சரி. பதினான்கு வருஷமாக அந்தக் கட்டடத்தில் அவள் சம்பாதித்து வைத்திருந்த பெயரும் பட்டமும் அந்த ஒரு சத்தத்தில் அடித்துக்கொண்டு போயின.

சத்தம் போட்டவளுக்கு வீட்டில் பெயர் பாப்பா. முப்பத்தாறு வயது. மூன்று வருஷம் குடும்பம் நடத்திப் பார்த்து, ஒத்துவராமல், கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அரிசிமணியில் பாதிகூட இல்லாத பாகங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பற்றவைக்கிறவள். ஆனாலும் பாப்பா. கடைசியாகப் பிறந்துவிட்டால் அந்தப் பெயரிலிருந்து தப்பிக்க வழி கிடையாது.

அண்ணி கட்டுவது பெட்டி, பாப்பா செய்வது அதன் சிக்னலைப் படிக்கிற மின்னணு போர்டு. இரண்டும் சேர்ந்தால்தான் கருவி. பெட்டி என்றால் பூட்டிச் சாவி போடுகிற பெட்டி இல்லை. ஒன்றரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், உள்ளே மெல்லிய கண்ணாடித் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி பிசகாமலிருக்கத் தூண்டில் நரம்பைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஆமாம், மீன் பிடிக்கிறவர்கள் கடையில் கேட்டு வாங்குகிற அதே நரம்புதான். பெரிய விஞ்ஞானத்தின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் இப்படி ஏதாவது கிடக்கும். அந்த இடைவெளிகளில் வாயு ஓடும். மேலே செப்புப் பட்டைகள் வரிசையாகப் படுத்திருக்கும்.

வானத்திலிருந்து ஓயாமல் துகள்கள் பொழிந்துகொண்டிருக்கின்றன. நம் தலைவழியாகவும் போகின்றன, நமக்குத்தான் தெரிவதில்லை. அப்படி ஒன்று பெட்டிக்குள் புகுந்து போனால், வாயுவில் ஒரு சின்ன மின் சலசலப்பு உண்டாகும். அது நடந்த இடத்துக்கு மேலே இருக்கிற பட்டையில் ஒரு சிக்னல் பிறந்து இரண்டு பக்கமும் ஓடும். இரண்டு முனையிலும் பாப்பாவின் போர்டுகள் காத்திருந்து அதைப் பெரிதாக்கி, வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும். நேரம் என்றால் எப்படிப்பட்ட நேரம்? ஒரு வினாடியை லட்சம் கோடித் துண்டாக நறுக்கினால் ஒரு துண்டுக்குப் பெயர் பிக்கோ வினாடி. அறுபது துண்டுக்கு மேல் பிசகக் கூடாது என்பது ஒப்பந்தம். இத்தனை துல்லியம் பார்க்கிற இரண்டு பெண்கள் இருந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் எட்டா ஒன்பதா என்பது மட்டும் ஒருநாளும் முடிவானதில்லை.

அந்த வீட்டின் ஆண்பிள்ளை பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவரை வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறவருக்கு, வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நல்லது என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. தங்கை வந்து சேர்ந்த வாரமே ஒரு சட்டம் போட்டார். வீட்டில் ஆய்வகப் பேச்சு கூடாது, ஆய்வகத்தில் வீட்டுப் பேச்சு கூடாது. ஒரே கூரையும் ஒரே வேலையும் ஒரே குளியலறையுமாக ஆறு வருஷம் ஓடியது அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில்தான். யாரும் யாரையும் கடித்துக்கொள்ளவில்லை. மனசுக்குள் கடித்துக்கொண்டதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தகராறு, ஆறு பெட்டிகளையும் கட்டி முடித்த பிறகு வந்தது. மூன்றாம் பட்டைக்குக் கீழே துகள் விழுந்தால் நான்காம் பட்டையும் "நானும் பார்த்தேன்" என்று கையைத் தூக்கியது. அது எதையும் பார்க்கவில்லை. பக்கத்துப் பட்டையில் ஓடிய சிக்னல் கசிந்து இதிலும் ஏறியிருக்கிறது. பழைய தொலைபேசியில் நாம் பேசிக்கொண்டிருக்கும்போது யாரோ இரண்டு பேர் சண்டை போடுவது நம் காதில் விழுமே, அதே சங்கதி. தொழிலில் கிராஸ்டாக் என்பார்கள். கொஞ்சம் எங்கேயும் இருக்கும், அதற்கு யாரும் அலட்டிக்கொள்வதில்லை. இங்கே இருந்தது கொஞ்சமில்லை. நான்காம் பட்டையில் உண்மையிலேயே இன்னொரு துகள் அதே நேரத்தில் வந்தால், நிஜமும் பொய்யும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பி, அறுபது என்பது நூற்றுப்பத்து ஆயிற்று.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுதி வைத்த விதி இல்லை, எழுதாததால் அதை யாரும் மீறியதும் இல்லை. எது கெட்டாலும், கடைசியாகத் தொட்டவர் தலையில் விழும். தன்மேல் தப்பில்லை என்று அவர் நிரூபிக்கிற வரைக்கும் தப்பு அவருடையது. கண்ணாடி அடுக்கி, நரம்பு கட்டி, ஒட்டி மூடி, வாயு கசிகிறதா என்று பார்த்து, எல்லாம் ஆன பிறகே போர்டை மாட்டுவார்கள். ஆக, கடைசியாகத் தொட்டவர் எப்போதும் போர்டுக்காரிதான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். நாத்தனார் உடைத்தால் என்ன குடம் என்று எந்தப் பழமொழியும் சொல்லவில்லை. அண்ணி சொன்னாள்.

"பெட்டியில ஒண்ணுமில்ல சார். போர்டைப் பாருங்க."

எட்டு வாரம் இதையே சொன்னாள். கூட்டத்தில் சொன்னாள், வராந்தாவில் சொன்னாள், லாரி ஓட்டுநர் ஏதோ கேட்டதற்கு அவரிடமும் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு உள்ளே ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது, அதை மறைப்பானேன். பாப்பா கெட்டவள் இல்லை. அதுதான் கஷ்டமே. அவள் குரலை உயர்த்தாமல், தாழ்ந்த பார்வையோடு, எப்போதும் சரியாகச் சொல்லித் தொலைப்பாள். சமையலறை அலமாரியை அவள் மாற்றி அடுக்கிய பிறகு கரண்டி தேடுகிற நேரம் பாதியாகக் குறைந்தது. அதை அண்ணியால் மன்னிக்கவே முடியவில்லை. இப்போது ஒரே ஒரு தடவை பாப்பா தவறு, அதுவும் ஊரறிய.

பாப்பா போர்டை மூன்று தடவை பிரித்தாள். எர்த் கம்பிகளை மாற்றினாள், செப்புத்தாள் சுற்றினாள், பாகங்களைத் தள்ளித் தள்ளி வைத்துப் புதிதாகப் பற்றவைத்தாள். நான்காம் பட்டை அசரவில்லை. முதல் மாதம் வாதாடினாள், இரண்டாம் மாதம் வாதாடுவதை நிறுத்தினாள். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. காலையில் காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த அண்ணி அதைப் பார்த்தாள். வீட்டில் ஆய்வகப் பேச்சு கூடாது என்று சட்டம் இருந்தது வசதியாகப் போயிற்று.

பாப்பாவின் வேலை தற்காலிகம், மாதக் கடைசியோடு முடிகிறது. போர்டு சரியில்லை என்று ஆகிவிட்டதால் இரண்டாவது போர்டு ஒன்று புதிதாகச் செய்வதென்றும், அதற்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு ஆளை வைத்துக்கொள்வதென்றும் தலைவர் மேலிடத்தில் அனுமதி வாங்கியிருந்தார். அந்த ஆள் பாப்பாவா, இல்லை, கெடுத்த கையிலேயே திரும்பக் கொடுப்பானேன் என்று வெளியாளா? இதைத் தீர்மானிக்க வெள்ளிக்கிழமை கூட்டம். அவளுக்கு வேறு இடத்தில் வேலை தேடலாம், தேடலாம்தான். ஆனால் "முதல் போர்டைக் கெடுத்தவள்" என்ற பேர் அவளுக்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்திருக்கும். உலகத்தில் இந்தத் தொழில் செய்கிறவர்கள் மொத்தமே ஒரு கல்யாண மண்டபத்துக்குக் காண மாட்டார்கள்.

கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பாப்பா ஆய்வகத்தில், நாலு பேர் முன்னால், மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணி, பெட்டியையும் ஒரு தடவை பாத்துடலாமா?"

அண்ணிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "தாராளமா. நானே பாத்துக் காட்றேன். படம் போட்டு ஒட்டறேன், எல்லாரும் பாத்துக்கட்டும்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

சோதனை எளிமையானது. பெட்டிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று உள்ளங்கை அகலத்தில், துகள் புகுந்தால் காட்டிக்கொடுக்கிற இரண்டு சாட்சிக் கட்டைகள். இரண்டு வழியாகவும் புகுந்து போன துகளை மட்டும் எண்ண வேண்டும். அப்படிச் செய்தால் துகள் பட்டையின் எந்த இடத்தில் விழுந்தது என்பது சந்தேகமில்லாமல் தெரியும். முதல் நாள் கட்டைகளை வலது முனைக்குப் பக்கத்தில் வைப்பது, அடுத்த நாள் ஒரு அடி தள்ளி, அதற்கடுத்த நாள் இன்னும் தள்ளி, இப்படி இடது முனை வரைக்கும். ஒவ்வொரு இடத்திலும் நிஜ சிக்னல் நூறு என்றால் பக்கத்துப் பட்டையின் பொய் சிக்னல் எத்தனை என்று வலது போர்டில் பார்ப்பது. கசிவு போர்டுக்குள் நடந்தால், துகள் எங்கே விழுந்தாலும் பொய்யின் அளவு மாறாது. போர்டுக்கு எல்லாம் ஒன்றுதான். கசிவு பட்டையிலேயே நடந்தால், சிக்னல் ஓடுகிற தூரம் கூடக் கூடக் கசிவும் கூடும். அதாவது, புள்ளி வைத்துப் படம் போட்டால், கோடு படுத்திருந்தால் பாப்பா குற்றவாளி, ஏறினால் அண்ணி. அண்ணி காகிதத்தில் படுத்த கோடு ஒன்றைப் பென்சிலால் முன்கூட்டியே போட்டு வைத்தாள்.

முதல் நாள், நூற்றுக்கு நான்கு. இரண்டாம் நாள், ஏழு. ஒட்டுக் கம்பி தளர்ந்திருக்கும் என்று இறுக்கினாள். மூன்றாம் நாள், பதினொன்று. வாயுவில் ஈரம் இருக்கலாம் என்று உருளையை மாற்றினாள். நான்காம் நாள், பதினைந்து. அன்றைக்கு அவள் சாப்பிடப் போகவில்லை. ஐந்தாம் நாள் பதினெட்டு.

ஆறாம் நாள் வலது போர்டைக் கழற்றி இடதிலும் இடதைக் கழற்றி வலதிலும் மாட்டினாள். ஏறுமுகம் போர்டோடு போயிருந்தால் அவள் பிழைத்தாள். போகவில்லை. எந்த முனையிலிருந்து பார்த்தாலும் தூரத்தில் விழுந்த துகளுக்குப் பொய் பெரிது, பக்கத்தில் விழுந்ததற்குப் பொய் சின்னது. பென்சில் கோடு காகிதத்தில் ஒன்றும் தெரியாததுபோல் படுத்துக் கிடந்தது. அதன்மேல் இவள் வைத்த புள்ளிகள் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தன.

தூரத்துக்கும் கசிவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பட்டையின் ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் வெறும் காற்று. இரண்டும் மின்சாரத்துக்கு ஒரே மாதிரி இல்லை, ஒன்றில் நடை மெதுவு, இன்னொன்றில் வேகம். பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும்போது சிக்னலின் ஒரு பங்கு முந்தும், ஒரு பங்கு பிந்தும். முந்தினதும் பிந்தினதும் பிரிந்துபோன இடத்தில் பக்கத்துப் பட்டைக்கு மிச்சம் கிடைக்கும். ஓடுகிற தூரம் நீளமானால் பிரிவும் அதிகம். இது தெரிந்துதான் வரைபடம் போட்டவர்கள் காற்றுப் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாளை ஒட்டச் சொல்லியிருந்தார்கள், இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகட்டும் என்று.

அந்தத் தாளை எடுத்தது அண்ணி. ஒன்று ஒட்டிக் காய இரண்டு நாள் ஆகும், காய்ந்தால் நடுவே குமிழி விடும், பிய்த்து மறுபடி ஒட்ட வேண்டும். அவள் புத்திசாலி அல்லவா. ஒரு சாண் நீளத்தில் சின்னப் பெட்டி ஒன்று செய்து, தாளோடும் தாளில்லாமலும் பார்த்தாள். வித்தியாசமே இல்லை. ஒரு சாணில் பிரிந்துபோக எங்கே இடம்? "தாள் தண்டம்" என்று எழுதிக் கொடுத்தாள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு மாதம் மிச்சமாயிற்று என்று கூட்டத்தில் கைதட்டினார்கள்.

கைதட்டின அன்றைக்கு வீட்டில், சாப்பிடும்போது, பாப்பா சொன்னாள்: "அண்ணி, அது சின்ன பெட்டிதானே. நீளம் கூடினா எப்படின்னு ஒரு தடவை..." முடிக்கவில்லை. பல் டாக்டர் கரண்டியால் தட்டைத் தட்டினார். "சட்டம்," என்றார். ஆய்வகத்தில் சொல்லியிருக்கலாமே என்றால், நாலு பேர் முன்னால் அண்ணியை எப்படி மறுத்துப் பேசுவது என்று பாப்பா நினைத்திருப்பாள். வீட்டில் பேச வேண்டியதை ஆய்வகத்திலும் ஆய்வகத்தில் பேச வேண்டியதை வீட்டிலும் பேசக் கூடாது என்றால், சில பேச்சுக்கு நிற்க இடமே இருக்காது.

வியாழக்கிழமை காலை, பாப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து அண்ணி கணவனிடம் போய் நின்றாள். அவர் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒண்ணு கேக்கணும். லேப் விஷயம்."

"சட்டம் என்ன..."

"சட்டத்தைத் தூக்கிக் குப்பையில போடுங்க. தப்பு என்னுது. போர்டுல இல்ல, பெட்டியில. பாப்பா மேல ஒண்ணும் இல்ல."

அவர் ஒரு ஷூவோடு உட்கார்ந்தார். சுருக்கமாக அவள் சொன்னதைக் கேட்டார். பாதி புரியவில்லை, புரிந்த பாதி போதுமாக இருந்தது.

"வலிக்கிற பல்லைக் காட்டுன்னா பாதிப் பேர் பக்கத்துப் பல்லைத்தான் காட்டுவாங்க," என்றார். "வேணும்னு இல்ல. அவங்களுக்கு அங்கதான் வலிக்குது."

"காட்டின பல்லையே நீங்க பிடுங்கிட்டா?"

"பிடுங்கின பல்லைத் திரும்ப நட முடியாது." இரண்டாவது ஷூவை எடுத்தார். "அவ தூங்கறதில்ல, தெரியுமா? நடந்துட்டே இருக்கா. எனக்குக் கேக்குது."

அண்ணிக்கும் கேட்டிருந்தது.

அன்று முழுக்க அவள் மனசு இரண்டு பக்கமும் ஓடியது. சொன்னால் ஆறு பெட்டியையும் பிரிக்க வேண்டும். நாலு மாதம் போகும். இருபது வருஷம் கண்ணாடியைத் தொட்டு வாங்கின பெயர் போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது, அதுதான் பயம். இரண்டாவது போர்டு வரும், அதுவும் பிசகும், அதைச் செய்தவர் தலையில் அது விழும், இரண்டு வருஷத்துக்கு யாரும் பெட்டிப் பக்கம் திரும்ப மாட்டார்கள். படத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பாப்பாதான் முதலில் பேசினாள். எழுந்து நின்று, மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"தப்பு என் போர்டுலதான் இருக்கணும். மூணு தடவை தேடிட்டேன், எனக்குக் கிடைக்கல. ஆனா வேற எங்கயும் இருக்க முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு வாய்ப்பு குடுத்தீங்கன்னா..."

"உக்காரு பாப்பா," என்றாள் அண்ணி.

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஆய்வகத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி மடித்த காகிதத்தைப் பிரித்து மேசைமேல் வைத்துக் கையால் நீவிவிட்டாள்.

"இது படுத்திருந்தா போர்டு, ஏறினா பெட்டி. ஏறுது. போர்டை மாத்தி மாட்டியும் பாத்துட்டேன், அப்பவும் ஏறுது. பெட்டி என்னுது. தாளை எடுத்தது நான். சின்னதுல பாத்துட்டுப் பெருசுக்குத் தீர்ப்பு சொன்னேன். இவ அப்பவே கேட்டா. நான் காதுல வாங்கல." படத்தைத் தலைவர் பக்கம் நகர்த்தினாள். "எட்டு வாரமா இவ போர்டைக் குத்தம் சொன்னதும் நான்தான். போர்டுல ஒரு குத்தமும் இல்ல. இதைவிட நல்ல போர்டு நான் பாத்ததில்ல."

சொல்லி முடித்ததும் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தாள். கொஞ்சம் ஆகவும் செய்தது. பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா படத்தின் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் கெட்டவர் இல்லை. அவர் நாட்காட்டியைப் பார்க்கிறவர், அவ்வளவே. பெட்டியைப் பிரிக்க எத்தனை நாள், தாள் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

"அப்ப போர்டு சரி."

"சரி சார். நூத்துக்கு நூறு."

"சரின்னா இரண்டாவது போர்டு வேண்டாம்." அவர் குரலில் நிம்மதிகூட இருந்தது. "இரண்டாவது போர்டு வேண்டாம்னா..."

பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். இரண்டாவது போர்டுக்கென்று வாங்கின இடம் இரண்டாவது போர்டோடு போயிற்று. லட்சம் கோடியில் ஒரு துண்டைப் பிடிக்கிற அண்ணிக்கு, மூக்குக்கு நேரே இருந்த இந்தக் கணக்கு அதுவரை தோன்றவே இல்லை. பாப்பாவின் பெயரைக் காப்பாற்றப் போய் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காலால் எட்டித் தள்ளிவிட்டாள்.

"சார், பெட்டி பிரிக்க ஆள் வேணும். அவளை என்கிட்ட குடுங்க."

"சொந்தக்காரங்க ஒருத்தர் கீழ ஒருத்தர் வேலை செய்யக் கூடாது அண்ணி. உங்களுக்குத் தெரியாத விதியா?" நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "பெட்டிப் பொறுப்புல நீங்க இல்லாம வேற யாராவது இருந்தா, அது வேற விஷயம்."

அண்ணி வாயைத் திறந்தாள். தான் விலகிக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை. அது நாக்கு நுனிவரைக்கும் வந்தது. கண்ணாடி அடுக்குகிற அறையின் வெளிச்சம், நரம்பை இழுத்துக் கட்டும்போது விரலில் தெரிகிற விறைப்பு, தன் கையால் மூடின ஆறு பெட்டிகள் எல்லாம் கூடவே வந்தன. அவள் வாயை மூடிக்கொண்டாள். கூட்டம் கலைந்தது.

அப்புறம் மூன்று நாள் பாப்பா அவளிடம் பேசவில்லை. வீட்டில் உப்பு வேண்டும் என்றால் அண்ணனிடம் கேட்டாள். அண்ணன் அதை எடுத்து அண்ணியைத் தாண்டி நீட்டினார். நாலாவது நாள் காலை, முதல் பெட்டியைப் பிரிப்பதற்காக அண்ணி கண்ணாடி அறைக்குள் இருந்தாள். கூட வேலை செய்கிற இருவரும் தாள் வாங்கப் போயிருந்தார்கள். மூடியின் பசையைக் கத்தியால் ஓரமாகக் கீறி எடுத்து, மேல் பலகையை நகர்த்தி, நரம்புகளை அவிழ்த்துவிட்டாள். கதவு திறந்தது. பாப்பா தலைக்கு உறை போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு வந்து எதிர்ப் பக்கம் நின்றாள்.

"எட்டு வாரம் அண்ணி," என்றாள்.

அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள்.

"எட்டு வாரமா கை நடுங்கிச்சு. எனக்கு இந்த வேலையே தெரியாதோன்னு நினைச்சேன். குடும்பம் நடத்தத் தெரியல, போர்டும் செய்யத் தெரியலன்னு நினைச்சேன். நீங்க தினமும் எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்க. ஒரு நாள் என்னன்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"பாக்கலையா?"

"பாத்தேன்," என்றாள் அண்ணி. "பாத்துட்டுதான் கேக்கல."

இதைப் பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். பாப்பாவும் அதைத்தான் எதிர்பார்த்தாள் போலிருக்கிறது.

"நீங்க விலகியிருந்தா பெட்டி வேலையில நான் இருந்திருப்பேன்."

"தெரியும். விலகணும்னு தோணிச்சு. முடியல."

"நானா இருந்தா விலகியிருப்பேனான்னு மூணு நாளா யோசிச்சுப் பாத்தேன். மாட்டேன்னுதான் தோணுது." பாப்பாவின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "அதனாலதான் இன்னும் கோவமா வருது."

அண்ணிக்குக் கண் கலங்கியது. கையுறையோடு துடைக்கக் கூடாது, கண்ணாடி அழுக்காகும். அப்படியே விட்டாள்.

"என்னை மன்னிச்சிடு பாப்பா."

"இப்ப முடியாது அண்ணி."

சொல்லிவிட்டு அவள் குனிந்து, கண்ணாடித் தகட்டின் தன் பக்கத்து இரண்டு மூலைகளுக்கும் அடியில் விரல்களை நுழைத்தாள்.

"அப்ப எதுக்கு வந்த?"

"ஒன்றரை மீட்டர் கண்ணாடி. ஒருத்தர் தூக்கினா உடைஞ்சிடும்," என்றாள் பாப்பா. "பிடிங்க."

அண்ணி தன் பக்கம் பிடித்தாள். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே நேரத்தில் தூக்கினார்கள். கண்ணாடி முழுசாக வந்தது. மேசையில் விரித்த துணிமேல் அதை வைத்துவிட்டு அடுத்ததற்குக் குனிந்தார்கள்.